பெண்களின் கூடைப்பந்தாட்டமும் சென்டா பெரென்சன் அம்மையாரும்

கவிஞருக்கும் அரசருக்கும் குலமுறை தேடும் நாம், நாள்தோறும் நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டம் எவர் கையிலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. செங்கலடியிலும், அதனை அடுத்த வந்தாறுமூலையிலும் ஏறாவூரிலும் பாடசாலைத் திடல்களில் மாலை வேளைகளிலே பெண்பிள்ளைகள் வலைப்பந்து ஆடுகின்றனர். ஆடுகளத்தின் குறுக்கே இரண்டு வெண்கோடுகள் கிடக்கின்றன. அவை களத்தை மூன்று கூறாக்குகின்றன. தனக்கு விதிக்கப்படாத கூற்றில் அடிவைத்தவளை நடுவர் ஊதுகுழல் ஊதித் தடுக்கின்றார். பந்தை மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தவளுக்கும் அதே கதிதான். இக்கோடுகளின் வழியே காலத்தில் பின்னோக்கி நடப்போமாயின், அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலே, நோர்தாம்ப்டன் என்னும் சிறு நகரத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் போய் நிற்போம். அங்கே நமக்குக் காட்சி தருபவர் மெலிந்த தோற்றமுடைய ஓர் ஆசிரியை. சென்டா பெரென்சன் என்பது அவர் பெயர். பெண்களின் கூடைப்பந்தாட்டத்துக்குத் தாய் என்று மேல்நாட்டார் அவரைப் போற்றுகின்றனர்.

அம்மையார் அமெரிக்காவிற் பிறந்தவர் அல்லர். இன்று லித்துவேனியா என வழங்கும் நாட்டில், அந்நாளில் ரஷ்யப் பேரரசின் கீழிருந்த புட்ரிமோனிஸ் என்ற ஊரிலே, 1868 ஆம் ஆண்டு மார்ச் 19 ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். குடும்பத்தின் பெயர் வால்வ்ரோஜென்ஸ்கி. பிழைப்பைத் தேடித் தந்தையார் முதலில் கடல் கடந்து பொஸ்டன் நகரை அடைந்தார். 1875 இல் மனைவியும் மக்களும் அவரைத் தொடர்ந்தனர். புதிய நாட்டில் பெயர் பெரென்சன் என மாறிற்று. தந்தையார் சில்லறைச் சாமான்களைத் தெருத்தெருவாகக் கொண்டு சென்று விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். வறுமை வீட்டினுள்ளே இருந்தது. புத்தகமும் அதனோடு கூடவே இருந்தது. மூத்த மகன் பேர்னாட் ஹாவாட் பல்கலைக்கழகம் வரை சென்று, பின்னர் இத்தாலிய ஓவியக் கலையின் ஆராய்ச்சியாளராக உலகப் புகழ் பெற்றார். ஓவியம் பற்றிப் படிப்போருக்கு அவர் பெயர் நன்கு தெரியும். தங்கையின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

தங்கையோ நோயாளிப் பிள்ளை. பாடசாலைக் கல்வியை முறையாக முடிக்க இயலாதவாறு உடல் நலிந்திருந்தது. இசையில் நாட்டமுடையவராய்ப் பொஸ்டன் இசைக் கல்லூரியில் பியானோ பயிலப் புகுந்தார். இருந்து வாசிக்க முதுகெலும்பு இடங்கொடுக்கவில்லை. உடம்பைச் சற்றே தேற்றிக்கொண்டு மீண்டும் இசைக்குத் திரும்பலாம் என்ற எண்ணத்துடன், 1890 இல் பொஸ்டனிலிருந்த உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்தார். மேரி ஹெமன்வே என்னும் செல்வச் சீமாட்டியின் கொடையால் அமைந்து, ஏமி மொரிஸ் ஹோமன்ஸ் என்னும் கண்டிப்பான அம்மையாரின் ஆட்சியில் நடந்த நிலையம் அது. அங்கே கற்பிக்கப்பட்டது சுவீடன் நாட்டுத் தேகாப்பியாச முறை. முதற் சில மாதங்கள் சென்டாவுக்கு அது வெறும் வேதனையாகவே இருந்தது. பிறகு மெல்ல மெல்ல முதுகு நிமிர்ந்தது, மூச்சு நீண்டது, பசி எடுத்தது. மருந்து செய்யாததை இயக்கம் செய்தது. பியானோவின் பக்கம் அவர் மீண்டும் போகவில்லை. நலிந்த உடல் ஒன்று தேறிய அதிசயத்தைத் தம் உடலிலேயே கண்டவர் என்பதால், பிற்காலத்தில் அவர் பேசிய பேச்சுக்கு ஒரு வலிமை இருந்தது என நான் கருதுகின்றேன்.

1892 சனவரியில் நோர்தாம்ப்டனிலுள்ள ஸ்மித் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியைப் பதவி அவருக்குக் கிடைத்தது. பெரென்சன் குடும்பம் அமெரிக்க மண்ணில் அடிவைத்த அதே 1875 இல் மாணவியர்க்குக் கதவு திறந்த கல்லூரி அது. பெண்களுக்கு உயர்கல்வி தகுமா என்ற வழக்கு அப்பொழுது முற்றாகத் தீர்ந்திருக்கவில்லை. ஹாவாடைச் சேர்ந்த எட்வேட் கிளாக் என்னும் வைத்தியர், பெண்கள் ஆடவர்போற் படித்தால் தாய்மைக்குரிய உறுப்புகள் கெட்டுவிடும் என்று 1873 இல் ஒரு நூலே எழுதியிருந்தார். அந்நூல் நன்றாக விற்பனையாயிற்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். அச்சத்தை அச்சேற்றினால் எக்காலத்திலும் வாங்குவோர் உளர். ஆகவே பெண்கள் கல்லூரிகள் தம் மாணவியர் நோயுறவில்லை என்பதை ஊருக்குக் காட்டும் கடப்பாடுடையனவாயின. தேகாப்பியாசம் அங்கே பாடமாக நுழைந்த காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஆயினும் ஒருவர் எண்ணிக்கை சொல்ல, வரிசையில் நின்று கையுயர்த்திக் கால்மடக்கும் அந்தப் பயிற்சியில் இளம்பெண்களுக்கு என்ன உவகை இருக்க முடியும்? கடமைக்காக வந்தனர்; மணி அடித்ததும் கலைந்தனர். ஆசிரியை இதனைக் கண்டு கவலையுற்றார். அவ்வேளையில் அவர் கண்ணில் ஒரு பத்திரிகைக் கட்டுரை பட்டது.

நோர்தாம்ப்டனுக்குத் தெற்கே ஏறக்குறைய இருபது மைலில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்னும் நகரம் உண்டு. அங்கே கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடா நாட்டவர் ஆசிரியராயிருந்தார். பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாது அடங்காதிருந்த 18 மாணவர்களுக்கு ஓர் உள்ளரங்க ஆட்டம் வேண்டும் என்று மேலதிகாரி பணித்தார். 1891 டிசெம்பரில் நெய்ஸ்மித், பீச்சுப் பழம் நிரப்பும் கூடைகள் இரண்டினைப் பத்து அடி உயரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டு, 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். நம்மூரிலாயின் பனையோலைக் கடகத்தைக் கட்டியிருப்பார்கள். கூடையின் அடி திறந்திருக்கவில்லை. பந்து விழுந்தபோதெல்லாம் அதனை எடுத்துத்தர வேண்டியிருந்தது. பந்தைக் கையிலேந்தி ஓடலாகாது, மோதலாகாது என்பன அவ்விதிகளின் உயிர்நாடி. ஸ்பிரிங்ஃபீல்டில் ஆட்டத்தைக் காண வந்த பள்ளி ஆசிரியைகள் சிலர் தாமும் ஆட விரும்பி, 1892 இன் தொடக்கத்திலேயே ஆடிப்பார்த்தனர். ஆகவே பந்தைத் தொட்ட முதற்பெண்கள் ஸ்மித் கல்லூரி மாணவியரல்லர். பொழுதுபோக்காக இருந்ததைப் பெண்களுக்குரிய ஒழுங்கான ஆட்டமாக்கி, விதி வகுத்து, நாட்டில் நிலைநிறுத்தியதே சென்டாவின் தொண்டு.

நெய்ஸ்மித்தின் ஆட்டத்தைத் தம் வகுப்பில் ஆடவிட்டுப் பார்த்தார். அதுவரை சோம்பியிருந்த மாணவியர் பந்தின்மேற் பாய்ந்தனர், பிடுங்கினர், விழுந்தனர், சிரித்தனர். ஆசிரியைக்கு மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே எழுந்தன. இக்காட்சி வெளியே கசிந்தால் கல்லூரி நிருவாகமும் பெற்றோரும் ஆட்டத்தையே நிறுத்திவிடுவர். ஆதலின் விதிகளைத் திருத்தினார். களத்தைக் குறுக்கே மூன்றாகப் பிரித்து, ஒவ்வொருத்தியும் தன் பகுதிக்குள்ளேயே ஆடவேண்டும் என்றார். பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாது என்றார். பந்தை மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கலாகாது, மூன்று முறைக்கு மேல் தரையிலே தட்டலாகாது என்பவையும் அவர் விதிகளில் இடம்பெற்றன.

1893 மார்ச் 22 ஆம் நாள் ஸ்மித் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவியரும் இரண்டாம் ஆண்டு மாணவியரும் எதிரெதிர் நின்று ஆடினர். கல்லூரிப் பெண்கள் ஆடிய முதற் கூடைப்பந்துப் போட்டியாக வரலாறு அதனையே குறிக்கின்றது. அரங்கில் இரு வகுப்புகளின் நிறங்களும் தொங்கின. மாணவியர் நெருக்கியடித்துக்கொண்டு நின்று பாடி ஆரவாரித்தனர். கால்சட்டை போன்ற தளர்ந்த உடையில் பெண்கள் ஆடுவதால் ஆடவர் எவரும் உள்ளே வரலாகாது எனத் தடுக்கப்பட்டனர். ஆட்டத்தைத் தொடக்கப் பந்தை மேலே எறிந்த அந்தக் கணத்திலேயே முதலாம் ஆண்டுத் தலைவியின் தோள்மூட்டு நழுவிற்று. அவளை உள்ளே கொண்டுபோய் மூட்டை ஏற்றினர், மற்றொருத்தி இடத்தை நிரப்பினாள், ஆட்டம் தொடர்ந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் இரண்டாம் ஆண்டு வகுப்பு வென்றது. பெண்ணின் உடல் நொய்யது என்று கூறியோருக்கு, நழுவிய அந்தத் தோளைவிட வாய்ப்பான சான்று கிடைத்திராது. அதன் பின்னரும் ஆட்டம் நிற்கவில்லை என்பதையே நான் பெரிதாக எண்ணுகின்றேன்.

அம்மையாரின் விதிகளுக்குப் பின்னே இரு எண்ணங்கள் இருந்தன. ஒன்று, ஓடிக் களைப்பதும் உணர்ச்சி பொங்குவதும் பெண்ணின் நரம்புக்கும் இதயத்துக்கும் ஆகா என்ற அக்கால வைத்தியக் கொள்கை. அவர் அதனை முற்றாக உதறியவரல்லர், ஓரளவு நம்பியவரே. மற்றையது ஆழமானது. களத்தைப் பிரித்தால் வல்லவள் ஒருத்தியே பந்தை முழுக்க வைத்துக்கொண்டு ஆட முடியாது. ஒரு பகுதியினின்று மறுபகுதிக்குப் பந்து போகவேண்டுமாயின் தோழியை நம்பி எறியவேண்டும். தனித்திறனைக் காட்டும் ஆட்டத்தினும் கூடி ஆடும் ஆட்டத்தையே அவர் விரும்பினார். கொம்பு முறித்தல் விளையாட்டில் ஊரே இரு கட்சியாகி வடம் பிடிப்பதைக் கண்டு வளர்ந்த மட்டக்களப்பாருக்கு இக்கருத்து அந்நியமாகத் தோன்றாது. அங்கும் தனியொருவன் வென்றான் என்ற பேச்சில்லை. ஆனால் கொம்பை இழுப்போர் ஆடவரே.

ஆட்டம் காட்டுத்தீயெனப் பரவிற்று. இடத்துக்கு இடம் விதியும் வேறாயிற்று. நியூ ஓர்லியன்ஸ் நகரில் கிளாரா பேயர் என்னும் ஆசிரியை 1895 இல் தமக்கெனப் பெண்களுக்குரிய விதிநூல் ஒன்றை வெளியிட்டார். ஆடுவோர் நிற்கத்தக்க இடங்களைக் காட்ட நெய்ஸ்மித் இட்ட புள்ளிக்கோடுகளை, தாண்டக்கூடாத எல்லைகள் என அவர் பொருள் கொண்டுவிட்டார் என்பர். இக்குழப்பத்தைத் தீர்க்க 1899 இல் ஸ்பிரிங்ஃபீல்டிற் கூடிய உடற்கல்வி மாநாட்டில் ஒரு குழு அமைந்தது. அதன் முடிவுகளைத் தொகுத்துச் சென்டா பதிப்பித்த பெண்களுக்கான விதிநூல் 1901 இல் ஸ்போல்டிங் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. பல ஆண்டுகள் அதனைத் திருத்தித் திருத்தி வெளியிட்டவர் அவரே. 1905 முதல் 1917 வரை விதிக்குழுவின் தலைமையும் அவருடையதே.

நியூ ஓர்லியன்ஸ் என்றதும் மட்டக்களப்பு வாசகருக்கு வேறொரு நினைவு எழாமற் போகாது. அந்நகரை நடுவாகக் கொண்ட இயேசு சபை மாகாணத்திலிருந்து வந்த குருமாரே புனித மிக்கேல் கல்லூரியிற் கூடைப்பந்தை ஊன்றி வளர்த்தவர்கள். அவர்களுள் லூசியானாவிற் பிறந்து 1948 இல் இங்கு வந்த யூஜின் ஹேபேர் அடிகளாரை அறியாதார் இலர். 1990 ஓகஸ்ட் 15 ஆம் நாள் அவர் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி, உடனொரு இளைஞனுடன், ஸ்கூட்டரிற் புறப்பட்டார். நம் செங்கலடியை ஊடறுத்துச் செல்லும் பாதை அது. இருவரும் ஊர்போய்ச் சேரவில்லை; இன்றுவரை அவர்களை எவரும் கண்டதுமில்லை.

இனி, சென்டாவின் கோடுகள் நம் மண்ணுக்கு வந்த வழியைக் கூறுவேன். அது கடலை இருமுறை கடந்த வழி. இங்கிலாந்தில் மார்ட்டினா பேர்க்மன் ஒஸ்டர்பேர்க் என்னும் சுவீடன் நாட்டு அம்மையார் நடத்திய உடற்கல்விக் கல்லூரிக்கு அமெரிக்க ஆட்டம் 1890 களில் போய்ச் சேர்ந்தது. 1897 இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் வளையத்தையும் பெரிய பந்தையும் மூன்று பகுதிக் களத்தையும் அங்கே புகுத்தினார். 1901 இல் விதிகள் அச்சாயின; வலைப்பந்து என்ற பெயரில் அவ்வாட்டம் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளின் பெண்கள் பாடசாலைகளுக்கெல்லாம் சென்றது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970 வரை அதனைப் பெண்கள் கூடைப்பந்து என்றே வழங்கினர். நாட்டுக்கு நாடு வேறுபட்ட விதிகளை ஒன்றாக்க 1960 இல் பிரதிநிதிகள் கூடியது எங்கே என்று நினைக்கின்றீர்கள்? நம் கொழும்பு நகரிலேதான். அங்கே தோன்றிய அனைத்துலகச் சம்மேளனத்தின் பெயரில் பெண்கள் கூடைப்பந்து, வலைப்பந்து ஆகிய இரண்டுமே இருந்தன. 1963 இல் ஈஸ்ட்போர்னில் நடந்த முதல் உலகப் போட்டியில் இலங்கை மகளிரும் ஆடினர். அமெரிக்கா கைவிட்டுவிட்ட மூன்று பகுதிகளும் மூன்று விநாடியும் இன்று உயிரோடிருப்பது வலைப்பந்தில்தான்.

கைவிட்டது ஏன் என்பதிலேதான் அம்மையாரின் வாழ்வைப் பற்றிய வழக்கு இருக்கின்றது. அவர் வெளிக்கல்லூரிகளோடு போட்டியிடுவதை விரும்பவில்லை. ஸ்மித் மாணவியர் தம்முள் வகுப்புக்கு வகுப்பு ஆடினால் போதும் என்றார். பரிசும் புகழும் பணமும் ஆடவர் விளையாட்டைக் கெடுத்தது போலப் பெண்கள் விளையாட்டையும் கெடுத்துவிடும் என்பது அவர் அச்சம். மேற்குக் கரையில் 1896 ஏப்ரலிலேயே ஸ்டான்ஃபோட் மாணவியரும் பேர்க்லி மாணவியரும் பல நூறு பெண்கள் பார்த்திருக்க மோதிவிட்டனர். ஸ்டான்ஃபோட் இரண்டுக்கு ஒன்று என வென்றது. எனினும் உடற்கல்வி ஆசிரியைகளுள் பெரும்பாலோர் பல தலைமுறையாகச் சென்டாவின் வழியையே பின்பற்றினர். பிற்காலத்தார் சிலர் இதனால் அவரைக் குறை கூறுகின்றனர். கதவைத் திறந்தவரே வாயிலில் கட்டையும் போட்டார் என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தை நான் எளிதில் ஒப்புவதற்கில்லை. ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், பூப்பெய்திய மகளைத் திடலுக்கு அனுப்ப மறுத்த பெற்றோரிடம் பேசப் பலமுறை சென்றிருக்கின்றேன். வெளியார் பார்க்காதவாறு வாயிற் கதவு மூடியிருக்கும், நீண்ட காற்சட்டை அணியலாம், இருட்டுமுன் வீடு வந்துவிடுவாள் என்று ஒவ்வொன்றாக உறுதி கூறுவேன். அவற்றுள் எதுவும் ஆட்டத்துக்கு வேண்டியதன்று, ஆடவிடுவதற்கு வேண்டியது. அப்படி வந்த பெண் ஆறு மாதத்தில் எப்படி மாறினாள் என்பதைத் தாய் கண்டபின், நிபந்தனைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்ததும் உண்டு. தளராமல் அவளது ஆட்டத்தையே முடித்ததும் உண்டு. நிபந்தனை கூறி வாங்கிய அனுமதிக்குள்ள ஆபத்து இதுவே: அன்றைய இணக்கம் நாளைய சட்டமாகிவிடுகின்றது. சென்டாவின் கோடுகள் மறுப்போர் வாயை அடைக்க இட்டவை. மறுப்போர் மறைந்த பின்னும் அவற்றை அழிக்க எவருக்கும் துணிவு வரவில்லை. 1938 இல் மூன்று பகுதி இரண்டாகியது. ஐவர் களம் முழுவதும் ஓடியாடும் விதி அமெரிக்கக் கல்லூரிப் பெண்களுக்கு வந்தது 1971 இலேதான். அயோவா மாநிலத்துப் பள்ளிகளிற் பழைய அறுவர் ஆட்டம் 1993 வரை நீடித்தது. அதைக் காண மக்கள் திரண்டனர் என்பதையும் மறைத்தல் தகாது.

கூடைப்பந்து ஒன்றே அம்மையாரின் பணியன்று. 1897 இல் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரத்து அரச நிலையத்துக்குச் சென்று பயின்றார். வாட்பயிற்சியையும் நாட்டார் நடனத்தையும் ஸ்மித் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். கொன்ஸ்டன்ஸ் ஆப்பிள்பீ என்னும் ஆங்கில ஆசிரியையின் துணையோடு ஹொக்கியையும் தொடக்கி வைத்தார். நகரத்து மனநோயாளர் வைத்தியசாலைப் பெண்களுக்கும் பயிற்சி அளித்தார். 1911 இல், தமது 43 ஆம் வயதில், அதே கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் ஹேர்பேட் வோன் அபொட் என்பவரை மணந்து பதவி துறந்தார். 1921 வரை அந்நகரத்துப் பேர்ணம் பெண்கள் பாடசாலையில் உடற்கல்வியை நடத்தினார். 1929 இல் கணவர் காலமானார். சில ஆண்டுகளின் பின் கலிபோர்ணியாவின் சாந்தா பார்பராவிலிருந்த சகோதரியிடம் போய்ச் சேர்ந்தார்.

அவர் அஞ்சிய பணமும் புகழும் பிற்பாடு வரத்தான் செய்தன. 1976 இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து முதன்முறை இடம்பெற, சோவியத் மகளிர் தங்கம் வென்றனர். 1978 டிசெம்பரில் அமெரிக்காவில் ஊதியம் பெற்று ஆடும் பெண்களுக்கான முதற் சங்கம் ஆட்டத்தைத் தொடங்கிற்று. பணமின்றி 1981 இல் அது மூடப்பட்டது. 1997 யூன் 21 இல் எட்டு அணிகளுடன் தொடங்கிய இன்னொரு சங்கம் நிலைத்து நிற்கின்றது. கோடையில் அங்கு ஆடும் பெண்கள் பலர், மாரியில் ஐரோப்பாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போய் ஆடிப் பிழைக்கின்றனர். ஊதியம் போதாமை அதற்கொரு காரணம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடியற்காலை நாலரை மணிக்கு. சேவல் கூவுமுன் எழுந்து கைத்தொலைபேசியில் அதைப் பார்த்துவிட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இவ்வூரில் உளர். யாழ்ப்பாணத் தமிழ்ப்பெண் தர்ஜினி சிவலிங்கம் 2019 வலைப்பந்து உலகக் கிண்ணத்தில் மிகுதியான கோல்களை எய்தவர். அவுஸ்திரேலியக் கழகத்துக்கும் ஆடியவர் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

அம்மையார் விட்டுவந்த லித்துவேனியாவோ கூடைப்பந்தைச் சமயம் போலக் கொண்டாடும் நாடாயிற்று. 1938 இல் ரோமில் நடந்த முதல் ஐரோப்பிய மகளிர் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. 1997 இல் முதலிடத்தையே வென்றது. அவர் அதனைக் காண உயிரோடில்லை. ஆனால் 1953 இல் தென்னமெரிக்காவின் சில்லி நாட்டுத் தலைநகர் சந்தியாகோவில் முதல் உலக மகளிர் போட்டி நடந்து அமெரிக்கா வென்றபோது, சாந்தா பார்பராவில் அவர் இருந்தார். வயது 85. அடுத்த ஆண்டு, 1954 பெப்ரவரி 16 ஆம் நாள் காலமானார். 1985 இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் முதன்முதல் இடம்பெற்ற பெண்களுள் ஒருவராக அவர் பெயர் சேர்க்கப்பட்டது. நெய்ஸ்மித்தின் பெயரைத் தாங்கிய அம்மண்டபம் இருப்பது ஸ்பிரிங்ஃபீல்டில்.